வீட்டுக்கெல்லாம் ஒரே மெயில்

நீங்க ஜன்னலோரமே உக்காருங்கம்மா, எனக்கு அந்த வெயில் ஆகாது. தூத்துக்குடி வரைக்குமா? சரி, சரி. நான் முன்னாடியே எறங்கிருவேன். இல்ல, அருப்புக்கோட்டை இல்ல. வீடு அங்கதான் இருக்கு, ஆனா இன்னிக்கு அதத் தாண்டிப் போறேன். எதுக்குன்னு அப்பறம் சொல்றேன்.

அந்தத் தண்ணி பாட்டிலக் கொஞ்சம் குடுங்க. காலையில இருந்து வாயில பச்சத் தண்ணி படல. மகளப் பாக்க ஹாஸ்டலுக்குப் போயிட்டு வாரேன். தாரணின்னு பேரு. மதுரையில காலேஜு, மூணாவது வருசம். கேட்டுல போயி நிக்கிறேன், உள்ள இருந்து வந்தா. வந்து, 'வாங்கம்மா, எப்ப வந்தீங்க'ங்கிறா.

நீங்க சிரிக்கிறீங்க. நல்ல மரியாதையான பிள்ளைன்னு நெனைக்கிறீங்க. எங்க பக்கம் அம்மாவ யாரும்மா நீங்கம்பாக? அப்பான்னா நீங்க. அம்மான்னா 'நீ வா, நீ போ, உனக்கு ஒண்ணும் தெரியாது, சும்மா கெட'. என் மக என்னையப் பேசாத பேச்சில்ல. கிறுக்கின்னுகூடச் சொல்லியிருக்கா, அதுக்கு நான் கரண்டியத் தூக்கிக்கிட்டு வெரட்டியிருக்கேன். இப்ப உங்கள நான் நீங்கன்னு சொல்றேன்ல, ஏன் சொல்றேன்? நீங்க யாரோ, எவரோ. அந்த நீங்கதான் அவ எனக்குச் சொல்றது. ஆடி மாசத்துல நடந்த ஒண்ணால வந்தது, இன்னும் மாறல.

எல்லாம் அந்த மொபைல் கடைக்காரரால வந்த வினை. அவர் மேல நான் குத்தம் சொல்லல, நல்ல மனுசன்தான். ஆனா அவர் செஞ்ச வேலைதான் இது. தாரணி பன்னெண்டாவது முடிச்சப்ப, காலேஜுக்கு எழுதிப் போடணும்னு ஒரு மெயில் ஆரம்பிச்சா. அதுக்கப்பறம் எனக்கு ஒரு டச் போன் வாங்குனாக எங்க வீட்டுக்காரர். அவுக அரிசிக்கடை வச்சிருக்காக, கடையில உக்காந்தபடிக்கே சொல்லி விட்டுட்டாக, மொபைல் கடைக்காரரே வீட்டுக்குக் கொண்டாந்தார். கடைக்காரர், 'மெயில் ஐடி இருக்காக்கா'ன்னார். நான் என்னத்தக் கண்டேன், 'பிள்ளையோடது இருக்கு'ன்னேன். அதையே போட்டுட்டார். என் மகன் சரண் புதுப் போன் எடுத்தான், அதுக்கும் அதே. பெரிய டிவி வந்துச்சு, அதுக்கும் அதே. 'வீட்டுக்கெல்லாம் ஒரே மெயிலா இருந்தா மறக்காதுக்கா'ன்னார். நல்லதாப் போச்சுன்னு நானும் ஒரு டம்ளர் மோரு குடுத்து அனுப்பினேன்.

மெயில்னா சாவி மாதிரின்னு நெனச்சேம்மா. ஒரு வீட்டுக்கு ஒரு சாவி போதும்ல. ஒருத்தர் உள்ள போனா எல்லாரும் உள்ள போன மாதிரின்னு எனக்கு யாரு சொன்னா?

டிவியத் தொறந்தா மேல ஒரு ஓரத்துல சின்ன வட்டம் வரும், பாத்திருப்பீங்க. அதுல இங்கிலீஷ்ல தாரணி பேரோட மொத எழுத்து நிக்கும். அத நல்லா ஞாபகத்துல வச்சுக்கங்க. அந்த ஒரு எழுத்துதான் என் கண்ண மறைச்சது.

அதுக்கு முந்தி இன்னொண்ணு சொல்லணும். போன வருசம் எனக்கு ஒடம்பு ஒரு வழியாப் போச்சு. பொம்பளைங்கதான நம்ம, சொல்றதுக்கு என்ன. மாசாமாசம் வந்தா நிக்காது. வாரக்கணக்கா ஓடும். மாவாட்டுற கல்லப் பிடிச்சுக்கிட்டு நிப்பேன், கண்ணு இருட்டிக்கிட்டு வரும். யார்கிட்டச் சொல்ல? அவுககிட்டச் சொன்னா, 'சூடு, எளநி குடி'ம்பாக. ஆஸ்பத்திரிக்குப் போனா எங்கிட்டுக் கைய வைப்பாகளோன்னு பயம். சரி, ஊர் ஒலகமே போன்லதான கேக்குது, நம்மளும் கேப்போம்னு அடுப்படியில நின்னுக்கிட்டுக் கேட்டேன். வெளியில கேட்டுரக் கூடாதுன்னு மிக்சிய ஓட விட்டுக்கிட்டுக் கேட்டேன். மிக்சிச் சத்தத்துல போனுக்கும் கேக்கல, பாத்துக்கங்க. அப்பறம் மிக்சிய நிப்பாட்டிட்டு, மெதுவா, 'பெரும்பாடு நிக்க என்ன செய்யணும்'னு கேட்டேன். எங்கம்மா சொல்ற வார்த்தை அது. எனக்கு அதுக்கு வேற பேரு தெரியாது.

அது என்ன காட்டுச்சுங்கிறீங்க? ஒரு ஆளு மைக்கப் பிடிச்சுக்கிட்டு, 'நான் பெரும்பாடு பட்டு இந்த நெலமைக்கு வந்தேன்'னு அழுகுறான். அடுத்ததுல ஒரு சாமியார், 'பட்ட பாடெல்லாம் தீர செவ்வாக்கெழம நெய் வெளக்குப் போடு'ங்கிறார். நானும் போட்டேம்மா. வேற என்ன செய்ய?

ஆனா கொஞ்ச நாள்ல போனுக்கே புத்தி வந்திருச்சு. தொறந்தா ஒரு டாக்டரம்மா. கண்ணாடி போட்ட அம்மா, நல்ல தமிழ்ல பேசுது. 'நாப்பது வயசுக்கு மேல இப்பிடி அதிகமாப் போனா வெக்கப்படாம வாங்க, பயப்படாதீங்க, ஸ்கேன் வயித்து மேலதான் எடுப்போம்'னு. மறுநாள் தொறந்தா அதே அம்மா. அதுக்கு மறுநாளும் அதே. என்னையத் தேடி வந்து கூப்பிட்ட மாதிரி இருந்துச்சு. போனேன். கட்டின்னாக. மாத்திரை குடுத்தாக, சத்து டானிக்கு குடுத்தாக. இப்பத் தேவல. வீட்டுல ரத்தம் கம்மின்னு மட்டும் சொல்லி வச்சேன், அம்புட்டுதான்.

இப்ப அந்த ஆடி மாசத்துக்கு வாரேன்.

என் நாத்தனார் சொர்ணம் வந்திருந்தா. அவுக தங்கச்சி. நல்லவதான், ஆனா அவ வாயில ஒரு சேதி விழுந்தா அது நாலு தெருவுக்குத் தண்டோராதான். ரவிக்கைக்குப் புதுசா ஏதோ கழுத்து வெட்டுறாகளாம், அதப் பாக்கணும்னு ரிமோட்ட எடுத்தா. தேடுறதுக்கு ஒரு எடம் இருக்கும்ல, அத அமுக்குனா. அமுக்குனதும் பழசா யார் யாரு என்னென்ன தேடுனாகளோ அதெல்லாம் வரிசையா வந்து நிக்குது. எனக்கு அது வருங்கிறதே அன்னிக்குத்தான் தெரியும். அவ ஒவ்வொண்ணா எழுத்துக் கூட்டிப் படிக்கிறா. இங்கிலீஷ் எழுத்துல தமிழ அடிச்சிருக்கு.

'நாள் தள்ளிப் போனா எத்தன நாள்ல தெரியும்.'

படிச்சிட்டு அவ என்னையப் பாக்குறா. அடுத்தது, 'நாள் தள்ளிப் போனா மாத்திரை.' 'மதினி, மேல பாருங்க, நம்ம தாரணி பேரு போட்டிருக்கு'ன்னு அந்த வட்டத்தக் காட்டுறா. 'விளம்பரமா இருக்கும்டி'ன்னேன். 'விளம்பரமா மதினி இப்பிடி வரும்'னா. ரவிக்கையப் பாக்காமலே காப்பியக் குடிச்சிட்டுக் கெளம்பிட்டா. சொர்ணம் பாதியில கெளம்புறான்னா சேதி அவளுக்கு முந்திக் கெளம்பிருச்சுன்னு அர்த்தம்.

இப்ப நீங்க சொல்லுங்க. வீட்டுல ரெண்டு பிள்ளைக. ஒருத்தன் இருபத்திரெண்டு வயசு ஆம்பளப் பய, வண்டி ஷோரூம்ல வேலை பாக்குறான். ஒருத்தி வெளியூர்ல ஹாஸ்டல்ல இருக்குற பொம்பளப் பிள்ளை. நாள் தள்ளிப் போறத எவ தேடுவா? எந்தத் தாய்கிட்ட வேணும்னாலும் போயிக் கேளுங்க. ஆம்பளப் பய எதுக்கும்மா அதத் தேடப் போறான்? எனக்கு அந்த நெனப்பே வரல. சத்தியமா வரல.

அப்பாவுக்கு நெஞ்சு வலின்னு பொய்யச் சொல்லி அவள வரச் சொன்னேன். அலறியடிச்சுக்கிட்டு வந்தா. வாசல்ல அவுக அப்பா நின்னுக்கிட்டு இருந்தாக, கல்லு மாதிரி. அப்பயே அவளுக்கு வெளங்கிருச்சு வேற என்னமோன்னு. உள்ள கூட்டிக்கிட்டுப் போயிக் கதவச் சாத்துனேன். 'யாருடி அவன்'னேன். 'எவன்'னா. 'டிவில வந்திருச்சுடி எல்லாம், உன் பேரோட வந்திருச்சு'ன்னேன். 'நான் தேடலம்மா'ன்னா. 'நீ தேடலன்னா பின்ன யாரு தேடுனா'ன்னேன். 'தெரியாது'ன்னா.

தெரியாதுன்னு சொல்லும்போது அவ கண்ணு ஒரு தடவ மாடிப் பக்கம் போச்சு. மாடியில சரண் தூங்கிக்கிட்டு இருந்தான். அத நான் கவனிக்கல. கவனிச்சேனோ என்னமோ, இப்ப யோசிச்சா எனக்கே சந்தேகமா இருக்கு.

அப்பறம் ஒண்ணு செஞ்சேன். சொல்லவா வேணாமான்னு இருக்கு. சரி, நீங்க யாரோ, நான் யாரோ. மெடிக்கல்ல ஒரு கார்டு விப்பாகள்ல, ஒண்ணுக்கு விட்டுப் பாக்குறது. நம்ம தெரு மெடிக்கல்ல வாங்க முடியாது, ஆட்டோ பிடிச்சு அங்கிட்டு பைபாஸ் பக்கம் போயி முக்காட்டப் போட்டுக்கிட்டு வாங்கியாந்தேன். அவ கையில குடுத்து, பாத்ரூமு வாசல்ல நான் காவலுக்கு நின்னேன். 'ம்மா, வேணாம்மா'ன்னா. 'தப்புப் பண்ணலன்னா உனக்கென்ன பயம்'னேன். என் வாயாலதான் சொன்னேன். உள்ள போனா. வெளிய வந்து கார்ட என் உள்ளங்கையில வச்சிட்டு, சோப்புப் போட்டுக் கையக் கழுவுனா. ஒரு கோடுதான் இருந்துச்சு. ஒண்ணுமில்ல.

ஒண்ணுமில்லன்னதும் கட்டிப் பிடிச்சிருக்கணும்ல? நான் என்ன சொன்னேன் தெரியுமா? 'இப்ப இல்ல, சரி. தேடுனது தேடுனதுதான'ன்னேன். போனப் பிடுங்கி பீரோவுல வச்சுப் பூட்டுனேன். சாவி என் இடுப்புல. காலேஜு வேணாம், மாப்பிள்ளை பாருங்கன்னு அவுககிட்டச் சொன்னேன். பரிச்சை வந்துச்சு, போகல. ஜன்னல்கிட்ட உக்காந்து வெறிச்சுப் பாத்துக்கிட்டே இருந்தா. அப்பயும் நீதாம்மா. 'நீ சாப்பிட்டியா, நீ மாத்திரை போட்டியா'ன்னுதான் கேட்டா. அதுவரைக்கும் அவ வாயில எனக்கு நீதான்.

ஆடி போயி ஆவணி பொறந்ததும் விருதுநகர்ல இருந்து ஒரு எடம் வந்துச்சு. ஞாயித்துக்கெழம பாக்க வாராகன்னு இருந்துச்சு. முந்துன நாள் சாயந்திரம் நானும் அவளும் கூடத்துல உக்காந்து சின்ன வெங்காயம் உரிச்சுக்கிட்டு இருக்கோம். சாம்பாருக்கு. சும்மா கெடக்குதேன்னு டிவில ஒரு சாமி பாட்டுப் போடுவோம்னு அந்தத் தேடுற எடத்த அமுக்குனேன். பழசெல்லாம் கீழ போயிருச்சு. மேல புதுசா ஒரு வரி.

'மாத்திரை போட்டு ரத்தம் நிக்கலன்னா என்ன செய்ய.'

அவ போனு பீரோவுல. சாவி இடுப்புல. அவ என் முன்னால வெங்காயத்தோட உக்காந்திருக்கா.

அப்பத்தாம்மா எனக்கு ஒறைச்சது. அவளும் டிவியப் பாத்துட்டா. பாத்துட்டு என்னையப் பாக்குறா. நான் அவளப் பாக்கல. ரிமோட்ட எடுத்து டிவிய அமத்திட்டு, 'வெங்காயம் போதும், எந்திரி'ன்னேன்.

அவ எந்திரிக்கல. 'ம்மா, போனக் குடு'ன்னா. 'எதுக்கு'ன்னேன். 'ஒரே ஒரு போன். பண்ணிட்டுத் தந்துர்றேன்.' 'யாருக்கு'ன்னேன். பேரு சொல்ல மாட்டேங்கிறா. 'நீ என்னைய என்ன வேணும்னாலும் நெனச்சுக்க. நாளைக்கு வாரவுக முன்னால வந்து நில்லுன்னா நிக்கிறேன். இப்பப் போன மட்டும் குடு.' கையப் பிடிச்சுக் கெஞ்சுறா. வெங்காயத்துல கண்ணுல தண்ணியா, அழுகுறாளான்னு எனக்குத் தெரியல.

குடுக்கல. எப்பிடிக் குடுக்க? குடுத்தா அவ இல்லன்னு நான் ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிரும். அவ இல்லன்னா அவன்னு ஆயிரும். அவுக அப்பாவுக்குத் தெரிஞ்சா வெட்டிப் போட்ருவாக. இருக்கிறது ஒரே ஆம்பளப் பிள்ளை.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு முந்தி சரண் வந்தான். அவ நேரா மாடிக்கு அவன் பின்னாடியே போனா. ரெண்டு பேரும் ஏதோ சத்தம் போட்டுக்கிட்டாக. 'ஆஸ்பத்திரி' 'ஆஸ்பத்திரி'ன்னு அவ குரல்தான் மேல கேட்டுச்சு. அவுக கடையில இருந்து வந்திருவாகளேன்னு நான் டிவிச் சத்தத்தக் கூட்டி வச்சேன்.

மறுநாள் காலையில என் முன்னால வந்து நின்னு, 'காப்பி குடிக்கிறீங்களாம்மா'ன்னு கேட்டா. அதான் மொத தடவ. நான் வெளையாட்டுக்குச் சொல்றான்னு நெனச்சேன்.

மாப்பிள்ளை வீட்டுக்கு ஜாதகம் சரியில்லன்னு நானே சொல்லி நிப்பாட்டிட்டேன். அது நான் செஞ்ச நல்லதுதான, சொல்லுங்க. அவுககிட்ட அழுது கத்தி, ஒரு தரம் மன்னிச்சு விடுங்க, படிக்கட்டும்னு சொல்லி, திரும்ப ஹாஸ்டலுக்கு அனுப்புனேன். போனையும் குடுத்துட்டேன். சொர்ணத்துக்கிட்ட என்ன சொன்னேன்னா, 'அவ கூடப் படிக்கிற ஏதோ பொண்ணுக்காகத் தேடுனாளாம்டி'ன்னேன். பாதி உண்மைதான. சொர்ணம் நம்பல. இன்னிக்கு வரைக்கும் எங்க சொந்தத்துல அது தாரணி தேடுனதுதான். நான் போயி மாத்திச் சொல்லல.

சரணையா? அவன்கிட்டக் கேட்டேனே. தோச தின்னுக்கிட்டு இருந்தான். 'போன்ல என்னத்தையாச்சும் தேடுனா டிவில தெரியுதுடா'ன்னேன். மூஞ்சி வெளுத்துப் போச்சு. மறுநாளே வேற மெயில் போட்டுக்கிட்டான். அம்புட்டுதான் கேட்டேன். அதுக்கு மேல ஒரு தாயி மகன்கிட்ட என்னத்தக் கேக்க முடியும்? அவனும் சின்னப் பயதான, பயந்து போயிருப்பான். இன்னொரு தோச ஊத்திக் குடுத்தேன்.

தீவாளிக்குத் தாரணி வரல. பரிச்சைன்னா. பரிச்சை இல்லன்னு எனக்குத் தெரியும். போன் பண்ணா எடுப்பா. 'நல்லாருக்கேன்மா. நீங்க நல்லாருக்கீங்களா. அப்பா நல்லாருக்காங்களா.' பேங்குல இருந்து போன் வந்தா பேசுவாங்கள்ல, அது மாதிரி. வச்சிட்டு நான் அடுப்படியில நின்னு அழுவேன். மிக்சியப் போட்டுக்கிட்டு.

அதான் இன்னிக்கு முறுக்கு, சீவல் எல்லாம் சுட்டு எடுத்துக்கிட்டு நானே போனேன். வந்தவங்கள உக்கார வைக்கிற ரூமுல உக்காந்தோம். ரூமுக்குள்ள இருக்குற பிள்ளைகளுக்கெல்லாம் முறுக்கு குடுத்துட்டு வந்தா. தண்ணி கொண்டாந்து குடுத்தா. நான் குடிக்கல. 'நடந்தது நடந்து போச்சு, எல்லாரும் மறந்துட்டாக, பொங்கலுக்கு வந்திரு'ன்னேன். அவ அத விட்டுட்டு, 'மாத்திரை ஒழுங்காப் போடுறீங்களா'ன்னா. 'சத்து மாத்திரையா'ன்னேன். 'இல்ல. கட்டிக்கு'ங்கிறா.

கட்டின்னு நான் யார்கிட்டயும் சொல்லல. உனக்கு யாருடி சொன்னதுன்னேன்.

மெதுவாத்தான் சொன்னா. 'நீங்க உங்க போன்ல கேட்டது என் போன்லயும் வந்துச்சும்மா. பெரும்பாடுன்னு இருந்துச்சு. எனக்கு அர்த்தம் தெரியல. நீங்க வாழ்க்கைய வெறுத்துத்தான் அப்பிடித் தேடுறீங்களோன்னு பயந்துட்டேன். எங்க வார்டன்கிட்டக் கேட்டேன், அவங்கதான் சொன்னாங்க. உங்ககிட்ட நேராக் கேட்டா இல்லன்னுருவீங்க. அதான் சரியான வார்த்தையப் போட்டுத் தேடி, நல்ல டாக்டரா ஒருத்தரப் பாத்து, அவங்க பேசுறதத் தெனமும் ஓட விட்டேன். உங்க போன்ல வந்து நிக்கட்டும்னு. அப்பறம் கட்டி கரைய என்ன சாப்பிடணும்னு நீங்க கேட்டதும் வந்துச்சு.'

போனுக்குப் புத்தி வரலம்மா. என் மக வர வச்சிருக்கா.

'நான் யார்கிட்டயாச்சும் சொன்னேனா, அம்மா இதத் தேடுறாங்கன்னு'ன்னு கேட்டா. கேட்டுட்டு என் கையில முறுக்கு ஒண்ண எடுத்து வச்சு, 'சாப்பிடுங்க'ங்கிறா.

அந்த ரூமுல வேற பிள்ளைக, அவுக அம்மாமார், எல்லாரும் இருக்காக. நான் பாக்கல. வாய்விட்டு அழுதுட்டேன். 'தாரணி, எனக்கு அப்பயே தெரியுண்டி. வெங்காயம் உரிச்ச அன்னிக்கே தெரியும். நான் பாவி, என்னைய மன்னிச்சிருடி'ன்னேன். அவ காலப் பிடிக்கக் குனிஞ்சேன். அவ வெடுக்குன்னு பின்னால போயிட்டா. மூஞ்சி செவந்து போச்சு.

'என்கிட்ட எதுக்கு நீ மன்னிப்புக் கேக்குற? நான் நல்லாத்தான இருக்கேன். பவானிக்கு ரத்தம் நின்னுச்சா இல்லையான்னு ஒரு வார்த்தை கேட்டியா நீ? நீயே அதப் பட்டவதான?'

நீன்னுட்டாம்மா! எனக்கு அவ சொன்ன மத்தது எதுவுமே காதுல ஏறல. 'நீ'ன்னு சொல்லிட்டாளேன்னு பூரிச்சுப் போயி நிக்கிறேன். சிரிச்சிருக்கேன் போல. அவ என்னைய அப்பிடிப் பாத்தா. 'நீ சிரிக்கிறம்மா'ன்னா. சொல்லிட்டு உள்ள போயிட்டா. திரும்ப வரல.

பஸ்டாண்டுக்கு ஆட்டோவுல வரும்போதுதான் அவ கேட்டது ஒவ்வொண்ணா வந்து ஏறுது. பவானி. ஷோரூம்ல பில்லு போடுற பிள்ளை. போன வருசத்து ஆயுத பூசைக்குப் பொரியும் சுண்டலும் கொண்டாந்து வீட்டுல குடுத்துச்சு. ஒல்லியா, பல்லு கொஞ்சம் தூக்கலா, 'அத்தை'ன்னு கூப்பிட்டுச்சு. தாரணியும் அதுவும் உக்காந்து பேசிக்கிட்டு இருந்தாக. அந்தப் பிள்ளை பேரு வெளிய வந்துரக் கூடாதுன்னுதான் என் மக வாயத் தொறக்கல. கார்டக் குடுத்தப்பக்கூடத் தொறக்கல.

நிக்காமப் போனா எப்பிடி இருக்கும்னு எனக்குத் தெரியும்மா. கண்ணு இருட்டும், காதுக்குள்ள இரையும். எனக்குச் சுத்தி வீடு இருந்துச்சு, எளநி வாங்கியாற ஆள் இருந்துச்சு. அந்தப் பிள்ளை எந்த மெடிக்கல்ல என்ன மாத்திரைய வாங்கி முழுங்குச்சோ, எந்த ரூமுல தனியாக் கெடந்துச்சோ. அது நிக்கலன்னு என் வீட்டு டிவில வந்து கேக்குது. நான் டிவிய அமத்திட்டு வெங்காயம் போதும்னேன்.

பஸ்டாண்டுல நின்னு சரணுக்குப் போன் பண்ணேன். 'பவானி எங்கடா'ன்னேன். 'அவ வேலைய விட்டுட்டும்மா, அப்பயே'ன்னான். நடு பஸ்டாண்டு, ஆம்பளைக பொம்பளைக அம்புட்டுப் பேரும் நிக்கிறாக, நான் சத்தமாக் கேட்டேன், 'ரத்தம் நின்னுச்சாடா'ன்னு.

'நின்னுருச்சு போலம்மா'ங்கிறான்.

போல! ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனியாடான்னேன். அவளே போயிருப்பா போலங்கிறான். அதுக்கப்பறம் போன் பண்ணியாடான்னேன். நம்பரு போகலம்மா, ஊருக்குப் போயிட்டா போலங்கிறான். எல்லாம் போல. அவன் பேசப் பேச எனக்கு ஒண்ணு ஆச்சு, பொய் சொல்லக் கூடாது, மொதல்ல நிம்மதியா இருந்துச்சு. போயிட்டால்ல, தொல்ல விட்டுச்சுன்னு. அந்த நிம்மதி வந்ததும் எனக்கே என்னையப் பிடிக்கல. தோச ஊத்திக் குடுத்தது நான்தான. எந்த ஊருடான்னேன். பந்தல்குடின்னான், வீட்டு அடையாளமும் கேட்டு வாங்கிக்கிட்டேன். அதுதான், இந்தத் தூத்துக்குடி வண்டியில ஏறுனேன். பந்தல்குடியில நிக்குமான்னு கண்டக்டர்கிட்டக் கேட்டுத்தான் ஏறுனேன்.

போயி என்னன்னு கேக்க? கதவத் தொறந்தா அவ அம்மா நிக்கும். என்னைய மாதிரி ஒரு பொம்பள. நான் யாருன்னு சொல்ல? வாயத் தொறந்தா அந்தப் பிள்ளைய அது வீட்டுல மாட்டி விட்ருவேன். அந்த அம்மா மட்டும் என்ன, என்னைய விட நல்லவளாவா இருக்கப் போறா? அவளும் கதவச் சாத்திக்கிட்டு, 'யாருடி அவன்'னுதான் கேப்பா. வண்டி பேப்பர்ல ஒரு கையெழுத்து வேணும், ஷோரூம்ல இருந்து வாரேன்னு சொல்லலாம்னு இருக்கேன். சரியா வருமா? நீங்க படிச்ச பிள்ளை, சொல்லுங்க. வேற நல்ல பொய்யா இருந்தாலும் சொல்லுங்க.

தப்பா எடுத்துக்காதீங்க, கேட்டுக்கிட்டு வந்ததே பெரிசு.

அருப்புக்கோட்டை வந்திருச்சு. பாருங்க, அந்தா தெரியுதே மஞ்சப் பெயிண்டு, அதுக்குப் பின்னாடி தெருதான் எங்க வீடு. எறங்குனா ரெண்டு நிமிசத்துல போயி உலை வச்சிரலாம். எறங்கல. கால எடுத்து வச்சேன்னா நான் போயிருவேன், அதான் கம்பியப் பிடிச்சுக்கிட்டு இருக்கேன்.

வண்டி எடுத்துட்டான். நல்லது.

அந்தப் பிள்ளை எனக்கு வேற எதுவும் சொல்ல வேணாம்மா. திட்டுனாலும் சரி, செருப்பத் தூக்குனாலும் சரி. வாசலுக்கு வந்து அது தன் காலால நின்னாப் போதும். பாத்துட்டு என் மகளுக்குப் போன் பண்ணி, 'இருக்காடி'ன்னு சொல்லணும். அப்பறம் அவ என்னைய நீன்னு கூப்பிட்டாலும் சரி, நீங்கன்னு கூப்பிட்டாலும் சரி.

இருக்கணும்மா. அது இருக்கணும்.